பிப்ரவரி 3, 1959: பனி வயலில் விழுந்த விமானம்... பட்டி ஹாலி அதில் ஏன் ஏறினார்?

1959-ம் ஆண்டு பிப்ரவரி 3. நள்ளிரவு தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள மேசன் சிட்டி விமான நிலையத்தில் இருந்து, நான்கு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானம் பனித்தூறலுக்கு நடுவே கிளம்பியது. சில நிமிடங்கள்தான். பத்து கிலோமீட்டர்கூடப் போகாமல், பனி மூடிக்கிடந்த ஒரு மக்காச்சோள வயலில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள்.

அவர்களில் மூன்று பேர், அப்போது அமெரிக்க ரேடியோக்களில் ஒலித்துக்கொண்டிருந்த பாடகர்கள். பட்டி ஹாலிக்கு வயது 22. ரிச்சி வாலன்ஸுக்கு 17. 'பிக் பாப்பர்' என்ற பெயரில் பாடிய ஜே.பி. ரிச்சர்ட்சனுக்கு 28. நான்காவது நபர் விமானி ரோஜர் பீட்டர்சன். அவருக்கு 21.

12 வருடங்கள் கழித்து, 1971-ல் டான் மெக்லீன் 'அமெரிக்கன் பை' என்ற பாடலில் அந்த நாளை இசையே இறந்துபோன நாளாகச் சித்திரித்தார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 3 வந்தால் விதி, விளையாட்டாகச் சொன்ன வார்த்தை, சுண்டிவிட்ட நாணயம் என்று அதே கதைகள் மறுபடியும் சுற்றிவரும்.

ஆனா, அந்தக் கதைகளுக்கு நடுவே ஒரு சாதாரணக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நம்பர் 1 பாட்டு கொடுத்த ஒருவர், கர்ப்பிணி மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, உறைபனிக் காலத்தில், ஹீட்டர் வேலை செய்யாத பஸ்ஸில் ஊர் ஊராக ஏன் அலைந்தார்?

பதில் ரொம்ப சிம்பிள். கையில் காசு இல்லை. சம்பாதித்திருந்தார், ஆனால், சம்பாதித்தது அவர் கைக்கு வரவில்லை. எப்படி?

டைல்ஸ் வேலை பார்த்த பாட்டுக்காரர்

டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பருத்தி விளையும் சமவெளிக்கு நடுவே இருக்கும் ஊர் லப்பக். 1936 செப்டம்பர் 7-ம் தேதி அங்கே பிறந்தார் சார்லஸ் ஹார்டின் ஹாலி. நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் எல்லோரும் 'பட்டி' என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது.

வசதியான குடும்பம் இல்லை. ஆனால், அம்மாவும் அண்ணன்மார்களும் பாட்டுப் பிரியர்கள். பள்ளி நாள்களிலேயே நண்பர் பாப் மான்ட்கோமரியுடன் சேர்ந்து உள்ளூர் ரேடியோவில் நாட்டுப்புற பாணிப் பாடல்களைப் பாட ஆரம்பித்தார் ஹாலி. வருமானத்துக்கு, அண்ணன் லாரியுடன் டைல்ஸ் ஒட்டும் வேலைக்கும் போனார். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தபோது, பணம் கொடுத்ததும் அதே அண்ணன்தான்.

1955-ல் எல்விஸ் பிரெஸ்லி லப்பக்குக்கு வந்தார். அவருடைய நிகழ்ச்சிக்கு முன்னால் மேடையேறிப் பாடும் வாய்ப்பு ஹாலிக்குக் கிடைத்தது. எல்விஸைப் பார்த்த பிறகு, இனி தன் பாதை ராக் அண்ட் ரோல்தான் என்று முடிவு செய்துவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு பிரபலமான பில் ஹேலியின் நிகழ்ச்சியிலும் பாடினார். அங்கே அவரைக் கவனித்தவர்கள் மூலம் டெக்கா என்ற பெரிய ரெக்கார்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது.

ஒப்பந்தத்தில் தொலைந்த ஓர் எழுத்து

குடும்பப் பெயரான 'ஹாலி'யை ஆங்கிலத்தில் எழுதும்போது, கடைசி எழுத்துக்கு முன்னால் ஓர் 'இ' வரும். 1956-ல் வந்த டெக்கா ஒப்பந்தத்தில் அந்த 'இ' விடுபட்டிருந்தது. தட்டச்சுப் பிழை, அவ்வளவுதான். திருத்தச் சொல்லி மல்லுக்கு நிற்கவில்லை ஹாலி. பிழையான பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். இன்று உலகம் அறிந்த பெயர் அந்தப் பிழைதான்.

பெயரில் நடந்த பிழை பரவாயில்லை. ஒப்பந்தத்தில் இருந்த இன்னொரு விஷயம்தான் சிக்கல். டெக்காவுக்காகப் பாடிய பாடல்களை, அவை வெளிவந்தாலும் வராவிட்டாலும், ஐந்து ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் மறுபடி பாடித் தரக்கூடாது என்பது நிபந்தனை.

1956-ல் மூன்று முறை நாஷ்வில் நகரத்துக்குப் போய் பாடிவிட்டு வந்தார். அந்த ஊரின் பாணிக்குள் ஹாலியின் பாட்டு அடங்கவில்லை. வெளிவந்த ரெக்கார்டுகள் விற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆரம்பத்தில் டெக்கா அவரைக் கைகழுவியது.

அப்போது டெக்கா பதிவு செய்து, வெளியிடாமலே கிடப்பில் போட்ட பாடல்களில் ஒன்று 'தட்'ல் பீ தி டே'. 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் ஜான் வெய்ன் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வசனம்தான் அதன் தலைப்பு. ஹாலியும் டிரம்மர் ஜெர்ரி ஆலிசனும் சேர்ந்து எழுதியது. அந்தப் பாட்டின் மேல் ஹாலிக்கு நம்பிக்கை இருந்தது. டெக்கா வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ஆனால், வேறு யாருக்கும் தரவும் முடியாது!

டெக்காவுக்கு போன் போட்டு, பாட்டைத் திருப்பித் தருமாறு கேட்டார் ஹாலி. முடியாது என்று பதில் வந்தது. அந்த உரையாடலை அவர் ரகசியமாக டேப்பில் பதிவும் செய்து வைத்துக்கொண்டார். 20 வயதுப் பையனுக்கு அதற்குள் அந்த அளவுக்கு முன்னெச்சரிக்கை வந்திருந்தது.

வண்டு, சில்வண்டு

அவர் போன் செய்வதற்கு சில நாள்கள் முன்பே பாட்டு மறுபடி பதிவாகிவிட்டது என்பதுதான் இதில் சுவாரசியம். லப்பக்கில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் க்ளோவிஸ் ஊரில், நார்மன் பெட்டி என்ற இசைக்கலைஞர் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தார். மற்ற ஸ்டூடியோக்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய காலத்தில், நார்மன் பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார். கடிகாரத்தைப் பார்க்காமல், ராத்திரி முழுக்க உட்கார்ந்து முயற்சி செய்யலாம். கையில் காசில்லாத இளைஞர்களுக்கு இது வரப்பிரசாதம்.

1957 பிப்ரவரி 25-ம் தேதி 'தட்'ல் பீ தி டே' அங்கே புதிதாகப் பதிவானது. ஒப்பந்தச் சிக்கலில் மாட்டாமல் இருக்க, ஹாலியின் பெயரைப் போடாமல் ஒரு குழுவின் பெயரில் வெளியிட முடிவு செய்தார்கள். பூச்சிகளின் பெயர்களைப் புரட்டி 'கிரிக்கெட்ஸ்' என்று வைத்தார்கள். நம்ம ஊர் கிரிக்கெட் இல்லை. ராத்திரியில் விடாமல் கத்தும் சில்வண்டு. அந்தத் தேடலில் வண்டு என்ற பொருள் தரும் 'பீட்டில்ஸ்' என்ற பெயரையும் யோசித்து, வேண்டாம் என்று விட்டதாக ஆலிசன் பின்னாளில் சொன்னார். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஒரு குழு, கிரிக்கெட்ஸை மனதில் வைத்தே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

ரெக்கார்டை வெளியிட்ட பிரன்ஸ்விக் நிறுவனம் யாருடையது தெரியுமா? டெக்காவின் துணை நிறுவனம்! வாசலில் துரத்தப்பட்டவர் கொல்லைப்புறமாக அதே வீட்டுக்குள் வந்துவிட்டார். 1957 மே மாதம் வெளியான பாட்டு, செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நவம்பரில் பிரிட்டனிலும் நம்பர் 1.

இருபது மாதங்களில் என்ன செய்தார்?

முதல் ஹிட் ரெக்கார்டு வெளியானதில் இருந்து மரணம் வரை ஹாலிக்குக் கிடைத்தது சுமார் 20 மாதங்கள். அதற்குள் அவர் செய்துவிட்டுப் போனவை, இன்றைய பாப் இசையில் எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் விஷயங்கள்.

இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். தங்கள் பாட்டைத் தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, தாங்களே பாடும் குழு. அன்றைக்குப் பாட்டெழுத ஒருவர், வாசிக்க வேறு சிலர், பாட ஒருவர் என்பதுதான் வழக்கம். 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' பாடலில் தன் குரலின் மேல் தன் குரலையே இன்னொரு முறை பதிவு செய்து, தன்னோடு தானே சேர்ந்து பாடினார். 'எவ்ரிடே' பாடலில் டிரம்ஸ் கிடையாது. ஆலிசன் தன் தொடையில் தட்டும் சத்தம்தான் தாளம். 'நாட் ஃபேட் அவே' பாடலில் தாளத்துக்கு அட்டைப்பெட்டி.

'பெக்கி சூ' முதலில் 'சிண்டி லூ'வாக இருந்தது. சிண்டி, ஹாலியின் அக்கா மகள். ஆலிசன் தன் காதலியின் பெயரை வைக்கும்படி கேட்க, ஹாலி மாற்றிக்கொடுத்தார். அது 1957-ன் கடைசியில் அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை போனது.

தோற்றத்திலும் அவர் வித்தியாசம். ஒல்லியான உடம்பு, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாத அளவுக்கு மங்கலான பார்வை. மேடையில் கண்ணாடியைக் கழற்றி வைப்பதுதான் அன்றைய நட்சத்திரங்களின் பழக்கம். ஹாலியோ, லப்பக் கண் டாக்டர் தேடிக்கொடுத்த தடித்த கறுப்பு ஃப்ரேம் கண்ணாடியோடு டிவியிலேயே வந்து நின்றார். கிட்டப்பார்வை கொண்ட ஜான் லெனன் போன்ற பையன்களுக்கு, கண்ணாடி போட்டவரும் ஹீரோவாகலாம் என்று அது சொன்னது.

1958 மார்ச்சில் பிரிட்டன் முழுக்க 25 நாள்கள் சுற்றுப்பயணம். அதே ஆண்டு லிவர்பூலில் லெனனும் பால் மெக்கார்ட்னியும் இருந்த குழு, காசு கொடுத்து வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ரெக்கார்டு போட்டுப் பார்த்தது. அதில் அவர்கள் பாடியது 'தட்'ல் பீ தி டே'.

பணம் எங்கே போனது?

இவ்வளவு விற்ற ரெக்கார்டுகளின் பணம்? இங்கேதான் கதை மாறுகிறது.

ஒரு ரெக்கார்டு விற்றால் பாடியவருக்கு ஒரு பங்கு வரும். எழுதியவருக்கு இன்னொரு பங்கு. பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்துக்கு ஒரு பங்கு. ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் யார் பெயர் எழுத்தாளராக அச்சாகிறதோ, பணம் அவருக்குத்தான். அந்தச் சின்ன எழுத்துகள்தான் வாழ்நாள் வருமானம்.

க்ளோவிஸில் நார்மன் பெட்டி ஸ்டூடியோ முதலாளி. அவரே தயாரிப்பாளர். அவரே குழுவின் மேனேஜர். பதிப்பு நிறுவனமும் அவருடையது. பாட்டெழுதியவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் சேர்ந்துகொண்டது. டெக்காவில் இரண்டு பேர் எழுதியதாக இருந்த 'தட்'ல் பீ தி டே', க்ளோவிஸில் மூன்று பேர் எழுதியதாக ஆனது. 'பெக்கி சூ' முதலில் வெளிவந்தபோது ஆலிசன், பெட்டி என்ற இரண்டு பெயர்கள்தான் இருந்தன. ஹாலியின் பெயரே இல்லை! பின்னாளில்தான் சேர்க்கப்பட்டது.

நார்மன் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தத் துல்லியமான ஒலி அவருடைய ஸ்டூடியோவின் கொடை. இரவெல்லாம் கூடவே உட்கார்ந்திருக்கிறார். இசையுலகில் ஏற்கெனவே தெரிந்த தன் பெயர் இருந்தால் ரேடியோக்காரர்கள் கவனிப்பார்கள் என்பதும் அவர் சொன்ன காரணம். ஆனால், கணக்கு எழுதுபவரும் பங்கு வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால், கணக்கு சரியா என்று யார் பார்ப்பது?

குழுவின் வருமானம் நார்மனின் கட்டுப்பாட்டில் இருந்த வங்கிக் கணக்குக்குப் போனது. தேவைப்படும்போது அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஹிட் மேல் ஹிட் கொடுத்துக்கொண்டிருந்த இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது, நியூயார்க்கில் நடந்த ஒரு சந்திப்பு.

முதல் டேட்டிங்கிலேயே கல்யாணப் பேச்சு

1958 ஜூன். நியூயார்க்கில் ஓர் இசைப் பதிப்பு நிறுவனத்துக்குப் போன ஹாலி, வரவேற்பறையில் வேலை பார்த்த மரியா எலெனா சான்டியாகோவைப் பார்த்தார். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அன்று மாலையே சாப்பிட அழைத்து, அங்கேயே கல்யாணத்துக்கும் கேட்டுவிட்டார். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 15-ம் தேதி, லப்பக்கில் ஹாலியின் வீட்டில் திருமணம் நடந்தது.

மரியா எலெனாவுக்கு இசைத் தொழிலின் வரவு செலவு தெரியும். உன் பணம் ஏன் இன்னொருவர் கணக்கில் இருக்கிறது என்று கேட்கக்கூடியவர். தம்பதி நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் குடியேறினார்கள். அந்த அக்டோபரில் ஹாலி பெரிய வயலின் குழுவோடு நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். பால் அங்கா எழுதிக்கொடுத்த 'இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்' அதில் ஒன்று. கிட்டார் பையன் என்ற பெயரைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

1958-ன் இறுதியில் நார்மனிடம் இருந்து பிரிந்தார். ஆலிசனும் பேஸ் வாசித்த ஜோ மால்டினும் தன்னோடு வருவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்கள் நார்மனோடு க்ளோவிஸிலேயே இருந்துவிட்டார்கள். பணம்? கணக்கு தீரும் வரை அது நார்மன் வசமே நின்றது. வழக்கறிஞர்கள் மூலம் பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நியூயார்க் வீட்டு வாடகை, வரப்போகும் குழந்தை, புதிய குழு. உடனடியாகப் பணம் வர ஒரே வழிதான் இருந்தது: ஏதாவது ஒரு சுற்றுப்பயணத்தில் சேர்வது. வேலை முடித்துக்கொடுத்து மாதக்கணக்காகியும் பேமென்ட் வராமல், வாடகைக்காகக் கிடைத்த வேலையை ஒப்புக்கொண்டவர்களுக்கு இந்த நிலைமை புரியும்.

24 நாள், 24 ஊர்

கிடைத்தது 'வின்டர் டான்ஸ் பார்ட்டி'. ஜனவரி 23-ம் தேதி மில்வாக்கியில் தொடங்கி, அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் 24 நாள்களில் 24 ஊர்கள். வரைபடத்தில் அந்த ஊர்களைக் கோடு போட்டு இணைத்தால், குழந்தை கிறுக்கிய மாதிரி இருக்கும். எந்த ஊருக்குப் பக்கத்தில் எந்த ஊர் என்று பார்க்காமல், மண்டபம் கிடைத்த தேதியில் நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். ஒரே இரவில் 500, 600 கிலோமீட்டர் பஸ் பயணம் சர்வசாதாரணம்.

கூட வந்தவர்கள் வாலன்ஸ், பிக் பாப்பர், 'டியான் அண்ட் தி பெல்மான்ட்ஸ்' குழு, ஃபிராங்கி சார்டோ. ஹாலியின் புதிய குழுவில் கிட்டாருக்கு டாமி ஆல்சப், பேஸ் வாசிக்க லப்பக் நண்பர் வேலன் ஜென்னிங்ஸ், டிரம்ஸுக்கு கார்ல் பன்ச்.

பஸ்கள் பழையவை. ஒன்று கெட்டால் இன்னொன்று வரும்; அதுவும் கெடும். ஜனவரி 31-ம் தேதி டலூத் நகர நிகழ்ச்சி முடிந்து போகும்போது, விஸ்கான்சின் மாநிலத்தில் நடுக்காட்டுச் சாலையில், உறைநிலைக்கு வெகு கீழான குளிரில் பஸ் நின்றேவிட்டது. பாடகர்கள் செய்தித்தாள்களைப் பஸ்ஸுக்குள்ளேயே கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். டிரம்மர் கார்ல் பன்ச்சின் கால்கள் பனிக்கடியில் பாதிக்கப்பட்டு, அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு பாடகர்களே மாறி மாறி டிரம்ஸ் வாசித்து நிகழ்ச்சிகளை ஓட்டினார்கள்.

அந்த டலூத் நிகழ்ச்சியைப் பார்க்க வந்த கூட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பாப் டிலன். 2017-ல் வெளியிட்ட தன் நோபல் உரையில், அன்று ஹாலியை நேரில் பார்த்ததைத்தான் அவர் முதலில் நினைவுகூர்ந்தார்.

அந்த இரவு

பிப்ரவரி 2, திங்கள்கிழமை. முதலில் போட்ட அட்டவணையில் அன்று நிகழ்ச்சியே இல்லை. விடுமுறையாக இருந்திருக்க வேண்டிய நாள், கடைசி நேரத்தில் க்ளியர் லேக் ஊரின் 'சர்ஃப் பால்ரூம்' அரங்கால் நிரப்பப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் திரண்டார்கள்.

மறுநாள் நிகழ்ச்சி மின்னசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட்டில். கிட்டத்தட்ட 590 கிலோமீட்டர். மறுபடியும் அந்தப் பஸ்ஸா? ஹாலிக்குப் போதும் என்று ஆகிவிட்டது. மூர்ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபார்கோவுக்குச் சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பேசினார். தலைக்கு 36 டாலர். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அழுக்குத் துணியைத் துவைக்கப் போடலாம், கொஞ்சம் தூங்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

விமானியைத் தவிர மூன்று பேர் போகலாம். ஹாலி, ஜென்னிங்ஸ், ஆல்சப் என்று முடிவானது. பிக் பாப்பருக்குக் காய்ச்சல் என்பதால் ஜென்னிங்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். வாலன்ஸும் விடாமல் கேட்க, கடைசியில் நாணயம் சுண்டிப் பார்த்ததாக ஆல்சப் பின்னாளில் சொன்னார். ஜெயித்தது வாலன்ஸ்.

ஜென்னிங்ஸ் பஸ்ஸில் வரப்போவது தெரிந்ததும், பஸ் உறைந்துபோகட்டும் என்று ஹாலி சிரித்துக்கொண்டே கிண்டல் செய்தார். விமானம் விழட்டும் என்று ஜென்னிங்ஸ் பதிலுக்குக் கிண்டல் செய்தார். நண்பர்களுக்குள் நடக்கிற பேச்சுதான். பின்னாளில் அமெரிக்க நாட்டுப்புற இசையின் பெரிய நட்சத்திரமான ஜென்னிங்ஸை, 2002-ல் இறக்கும் வரை அந்த வார்த்தை விடவே இல்லை.

விபத்துக்கு என்ன காரணம்?

12.55 மணியளவில் விமானம் கிளம்பியது. அதன் உரிமையாளர் ஹியூபர்ட் டுவையர் தரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வால் விளக்கு மெல்லக் கீழே இறங்குவது போலத் தெரிந்தது. ரேடியோவில் கூப்பிட்டும் பதில் இல்லை. விடிந்ததும் இன்னொரு விமானத்தில் அவரே தேடிப் போனார். காலை ஒன்பதரை மணி வாக்கில் வயலில் சிதைந்து கிடந்ததைப் பார்த்தார்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியத்தின் விசாரணை அறிக்கை அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. அது சொன்ன காரணங்கள் இவைதான்:

அன்றிரவு அடிவானமே கண்ணுக்குத் தெரியாத சூழல். கீழே வெளிச்சம் இல்லாத வயல்வெளி, மேலே மேகம், நடுவில் பனி. இந்த மாதிரி நேரத்தில் விமானி வெளியே பார்த்து ஓட்ட முடியாது. முன்னால் இருக்கும் கருவிகளைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பீட்டர்சனுக்கு அதற்கான தகுதிச் சான்று இல்லை. முந்தைய ஆண்டு அதற்கான செய்முறைத் தேர்வில் அவர் தேறவில்லை.

அந்த விமானத்தில் இருந்த ஒரு கருவி, அவர் பழகிய கருவிக்கு நேர் எதிராகக் காட்டக்கூடியது. விமானம் இறங்கும்போது ஏறுவதாக அவர் நினைத்திருக்கலாம். கூடவே, மோசமாகும் வானிலை பற்றிய எச்சரிக்கைகள் அவருக்குச் சொல்லப்படவே இல்லை. மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் தரையில் மோதியது.

வயலில் ஹாலியின் கைத்துப்பாக்கி கிடைத்ததால், உள்ளே ஏதோ நடந்தது என்ற வதந்தி பல பத்தாண்டுகள் ஓடியது. 2007-ல் பிக் பாப்பரின் மகன் கேட்டுக்கொண்டதால் அவர் உடல் தோண்டி எடுக்கப்பட்டு மறுபரிசோதனை செய்யப்பட்டது. குண்டு பாய்ந்த அடையாளம் எதுவும் இல்லை. மோதலிலேயே உயிர் போயிருக்கிறது என்பது முடிவு.

மறுநாளும் நிகழ்ச்சி நடந்தது

நியூயார்க்கில் இருந்த மரியா எலெனாவுக்கு யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. டிவி செய்தியில்தான் தெரிந்துகொண்டார். அதிர்ச்சியில் கரு கலைந்தது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட முடியவில்லை. லப்பக்கில் நடந்த இறுதிச் சடங்குக்கு அவர் போகவில்லை.

மூர்ஹெட் நிகழ்ச்சி ரத்தாகவில்லை. இறந்தவர்களின் இடத்தை நிரப்ப உள்ளூரில் ஆள் தேடினார்கள். பள்ளிக்கூடப் பையன்களின் குழு ஒன்று மேடையேறியது. அதில் பாடிய 15 வயது பாபி வீ பின்னாளில் நட்சத்திரமானார். ஜென்னிங்ஸும் ஆல்சப்பும் அன்று மாலையும் வாசித்தார்கள். சுற்றுப்பயணம் மேலும் இரண்டு வாரம் ஓடியது. முக்கியப் பாடகர்கள் வரவில்லை என்று சொல்லித் தங்களுக்கான பணத்தில் பிடித்தம் செய்யப் பார்த்தார்கள் என்று ஜென்னிங்ஸ் பின்னாளில் கசப்போடு குறிப்பிட்டார்.

'இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்' ஏப்ரலில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. நியூயார்க் வீட்டில் தனியாக உட்கார்ந்து கிட்டாரோடு பாடி டேப்பில் பதிவு செய்து வைத்திருந்த பாடல்களுக்கும், அவர் போன பிறகு பின்னணி இசை சேர்த்து ரெக்கார்டு போட்டார்கள். அந்த வேலையைப் பின்னர் ஏற்றுச் செய்தவர் வேறு யாருமில்லை, நார்மன் பெட்டி. 1970-களில் ஹாலி பாடல்களின் பதிப்புரிமையை பால் மெக்கார்ட்னியின் நிறுவனம் வாங்கியது. லிவர்பூலில் காசு கொடுத்து அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்த பையன்தான், கடைசியில் அதற்கு உரிமையாளர் ஆனார்.

மீதி இருப்பவை

விபத்து நடந்த வயலுக்குப் போகும் வழியில் இன்று ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடிச் சிற்பம் நிற்கிறது. உண்மையான கண்ணாடி, பனி உருகிய பிறகு வயலில் கிடைத்தது. ஒரு கவருக்குள் போட்டு அரசு அலுவலகத்தில் வைத்தவர்கள் அப்படியே மறந்துவிட்டார்கள். 1980-ல்தான் மறுபடி கண்ணில் பட்டது. இப்போது லப்பக்கில் ஹாலியின் பெயரில் இயங்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1986-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கப்பட்டபோது, முதல் பட்டியலிலேயே ஹாலியின் பெயர் இருந்தது.

இசை அன்றைக்கு இறந்துபோகவில்லை. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிலன் என்று அது வளர்ந்துகொண்டே போனது. இறந்தது நான்கு இளைஞர்கள். அவர்களில் ஒருவர், தன் பாட்டு சம்பாதித்த பணம் தன் கைக்கு வந்து சேரும் வரை குடும்பத்தை ஓட்ட வேலைக்குப் போனவர்.

லப்பக் மயானத்தில் அவருடைய கல்லறை தரையோடு தரையாக இருக்கிறது. கல்லில் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயரும் இருக்கிறது. ரெக்கார்டுகளில் இருப்பது போல இல்லை. டெக்கா ஒப்பந்தத்தில் விடுபட்ட அந்த 'இ'யைச் சேர்த்து, அப்பா அம்மா வைத்தபடியே எழுதியிருக்கிறார்கள்.